அரை கிலோ

ஈயம் மெதுவானது.
ஒரே அடியில் எழுத்து இறங்கிவிடும்.
இரும்பு அப்படியில்லை,
யார் சொல்லும் அதில் பதியாது.
அதனால்தான் எடைக்கல்லில் ஒரு குழி விட்டு
ஈயம் ஊற்றி வைக்கிறார்கள்,
அரசாங்கம் கால் ஊன்ற ஓர் இடம்.

அச்சு, முத்திரை ஆய்வாளர் தெய்வசிகாமணி கையில்.
சுத்தியல் என் கையில்.
செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டிகளில்,
லீ பஜார் ஜவ்வரிசிக் கடைகளில்
அடித்துக்கொண்டே போவோம்:
வருஷத்துக்கு இரண்டு எண்,
காலாண்டுக்கு ஓர் எழுத்து.
அடிக்கும் முன் ஐந்து கிலோ,
அடித்த பின்னும் ஐந்து கிலோதான்.
ஆனால் மண்டிக்காரர் அதைத் தூக்கும் விதம்
மாறிவிடும்.

பதினோரு வருஷமாகத் தினக்கூலி.
என்னை நிரந்தரமாக்கும் கோப்பு
சென்னையில் ஏதோ மேஜையில் இருக்கிறதாம்.
உனக்கு இன்னும் ஈயம் ஊத்தலையா என்பார் வீட்டுக்காரர்,
சோற்றைப் பிசைந்தபடி.

எங்கள் கற்களுக்கும் சோதனை உண்டு.
வெல்வெட் பெட்டியில் படுத்து
அவை வேறு ஊருக்குப் போகும்.
அந்த ஊர்க் கற்கள் டெல்லிக்கு.
டெல்லிக்கு மேலே யார் சார், என்று ஒருமுறை கேட்டேன்.
"மேலே" என்றார்,
டீயை ஆற்றிக்கொண்டே.

ஐப்பசியில் ஏற்காட்டில் முகாம்.
அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவு.
பெட்டி என் மடியில்.
கீழே முத்திரை வாங்கிய மின்தராசு
மேலே வந்தால் காப்பி மூட்டைக்கு
ஒரு சின்னக் கைப்பிடி குறைத்துக் காட்டும் என்றார்.
பூமியின் பிடி அங்கே அத்தனை தளர்வு.
சட்டம் மட்டும்
வளைவுக்கு வளைவு அதே கனம்.

நாகலூர் திருப்பத்தில் வெள்ளச்சி,
சாக்கில் பேரிக்காய், கையில் தராசு.
எடைக்கல் கேட்டதற்கு ஓடைக்கல்லை நீட்டினாள்,
வழவழவென்று, முட்டைபோல.
"எத்தனை வருஷமா?"
"கல்லுக்கா, எனக்கா?"

அரை கிலோ பித்தளையை ஒரு தட்டில் வைத்தோம்,
அவள் கல்லை இன்னொன்றில்.
முள் கொஞ்சம் ஆடி
நடுவில் நின்றது.
ஆய்வாளர் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.
தட்டை மாற்றிப் பார்த்தார்.
முள் நடுவில்தான்.

"சரியாத்தான் இருக்கு. ஆனா செல்லாது."
அவளுக்குப் புரியவில்லை.
எனக்குப் புரிந்தது, அதுதான் சங்கடம்.
கல்லில் ஈயக் குழி இல்லை.
நான் ஓங்கி அடித்தால்
தெறிப்பது என் அச்சாகத்தான் இருக்கும்.

பறிமுதல் செய்தோம்.
அபராதம் வேண்டாம் என்று அவரே விட்டுவிட்டார்.
"எடுத்துட்டுப் போறீங்கல்ல,
சீட்டுக் குடுங்க" என்றாள் அவள்.
எழுதினார்:
பொருள், கருங்கல் ஒன்று.
எடை, சோதித்தபடி அரை கிலோ.
கையெழுத்து. தேதி.
ஊதா வட்ட முத்திரையை நான் குத்தினேன்.
படிச்சுச் சொல்லுங்க என்றாள்.
படித்தேன்.
"அரை கிலோ"வில் நிறுத்தி
இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

தை மாதம் மறுபடி ஏறினோம்.
அதே திருப்பம், அதே சாக்கு, வேறொரு ஓடைக்கல்.
தராசுக் கொக்கியில்
பிளாஸ்டிக் உறைக்குள் எங்கள் சீட்டு.
காரில் வந்த யாரோ ஒருவர்
குனிந்து ஊதா வட்டத்தைப் பார்த்தார்.
கல்லைப் பார்க்கவில்லை.
"கவர்மெண்டே எழுதிக் குடுத்தது" என்றாள்.

ஆய்வாளர் நெருங்கிப் போனார்.
தன் கையெழுத்தைத்
தானே மெல்ல வாசித்தார்.
ஜீப்பில் பெட்டி திறந்தபடி இருந்தது,
நான் பித்தளையில் கை வைத்திருந்தேன்,
எடுத்து வா என்று சொல்வார் என்று.

"ஒரு கிலோ போடும்மா" என்றார்.

வெள்ளச்சி கல்லை
இரண்டு தடவை வைத்தாள்.